கருவாட்டுப் பாடம்

ஜூலை 7, திங்கள்
இதை எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் தன்னைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதியதில்லை. அப்பா என் ஆசிரியர் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு, குழந்தை இயேசுவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அதன் கீழே உட்கார்ந்து எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் முழுக்கப் பனிக்கால வருணனை. பிள்ளைகள் ஒரே குரலில் அழகாக வாசிக்கிறார்கள். புரிந்ததா என்றால், "எஸ், மேம்!" ஒரு சொல்லும் புரியவில்லை. நானே ஒரு பத்தி எழுதப் போகிறேன், இந்தத் தீவில் எல்லோரும் பார்த்த பொருளைப் பற்றி.

ஜூலை 9
மூங்கில் தட்டியில் காயும் கருவாடு. அதன் வெள்ளி நிறம், சொரசொரப்பு, உப்பு, நாற்றம் — ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலச் சொல். தொட்டும் முகர்ந்தும் கற்றார்கள். ரோடலினை எழுந்து வாசிக்கச் சொன்னேன். அவள் அம்மா கருவாடு போடுகிறவர். அவளுக்குத்தானே நன்றாகத் தெரியும்?

நாறும் என்பதற்கான 'ஸ்டிங்கி'யை அவள் வாசித்ததும் பின்வரிசை மூக்கைப் பிடித்தது. "ஸ்டிங்கி ரோடலின்!" பிறகு வகுப்பு முழுவதும், ஒரே குரலில்.

நான் "ஷ்ஷ்" என்றேன். அவ்வளவுதான்.

ஜூலை 10
ரோடலின் வரவில்லை.

ஜூலை 14
இன்றும் இல்லை. படகுத்துறைப் பிள்ளைகள்வரை அந்தச் சொல் போய்விட்டது. தலைமையாசிரியை சிரிக்கிறார்: "சந்தோஷப்படு, இண்டாய், என் பொண்ணே. ஒரு வார்த்தை இவ்ளோ நல்லா மனசுல பதிஞ்சு நான் பார்த்ததே இல்ல."

இதுக்குத்தானா படிச்சேன்? ஒரு கொழந்தைய எப்படி நாறடிக்கிறதுன்னு சொல்லிக் கொடுக்கவா?

ஜூலை 16
ரோடலினின் வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளேயிருந்து வரவில்லை. அவள் அம்மா நெனிடா மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "வாங்க மேம், சாப்ட்டீங்களா?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "ஒரு நாளைக்கு மூணு தடவ குளிக்கிறா. எம்பக்கத்துல படுக்க மாட்டேங்கிறா. சனிக்கிழம எந்தங்கச்சிகூட படகுல செபு பட்டணத்துக்குப் போறா. அங்க கைக்கொழந்தையப் பாத்துக்குவா."

"ஸ்கூல்?"

"நாத்தமில்லாத வேல, மேம்."

கேட்கப் போனதைக் கேட்கவில்லை. நெனிடா எனக்கென்று வாங்கிவரச் செய்த குளிர்பானத்தைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். மரம் மாதிரி.

ஜூலை 19, சனி
படகுத்துறை. அத்தனை பேர் பார்க்க, நெனிடாவிடம் கேட்டுவிட்டேன். அவர் மகளின் பையை மறுபடி கையில் எடுத்தார். பிறகு தங்கையிடம், "நீ போ. அடுத்த வாரப் படகுல பாப்போம்" என்றார். ரோடலின் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

நான் கேட்டது இதுதான்:

"அக்கா, எவனாவது மூக்கப் புடிச்சா இந்தத் தடவ நான் வாயத் தொறப்பேன். ஒரே ஒரு வாரம் அவள எங்கிட்ட அனுப்புங்க."