சூறைக்குருவிகள் புறப்பட்ட வாரம்

மார்ச் 6

அன்புள்ள மருமகளுக்கு,

விவாகரத்து ஆகி இரண்டு வருஷம் முடிந்த பிறகும் கை இந்த வார்த்தையில்தான் தொடங்குகிறது. வேறு வார்த்தை இருந்தால் சொல், மாற்றிக்கொள்கிறேன்.

இந்த வருஷமும் வடக்கே திரும்புகிற கூட்டம் கிளம்பிவிட்டது. நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் ஊசிவால் வாத்து முந்நூறுக்கு மேல் இருந்தது. நேற்றுக் காலை பாதியைக் காணோம். மதகுச் சுவர் நெடுக மஞ்சள் வாலாட்டிகள். முப்பது வருஷம் தண்ணீர் மட்டம் பார்த்து எழுதப் போய்ப் பழகிய கால், ஓய்வு பெற்றும் ஆறரைக்குத் தானாகக் கரைக்குப் போய்விடுகிறது. இப்போது அளவுகோலைப் படிப்பதில்லை. அதன் மேல் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

போன வாரம் போன் செய்தாயாமே. பக்கத்து வீட்டுத் தையல்காரர் சொன்னார்: "மணி அடிச்சு ஓஞ்சே போச்சு சார், நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க." இனி கடிதமே எழுது. தபால் இரண்டு நாளில் வந்துவிடுகிறது. பறவைகள் இளைப்பாறி இளைப்பாறி உன்னிடம் வர நாலு நாள் ஆகும்.

மாமா


மார்ச் 12

அன்புள்ள மாமா,

வாத்துகள் வந்தன. நான் எண்ணியது நூற்றிருபது. மீதி எங்கே? நீங்கள் பத்தைப் பார்த்தால் பதினைந்து என்பீர்கள் என்று அத்தை இருந்தவரை சொல்வார்.

விமான நிலையத்தில் ஒரு மாதமாக எங்கள் பிரிவுக்கு ஓய்வில்லை. ஓடுபாதையில் ஒரு பறவை இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் வேலை. ஜீப்பில் ஒலிபெருக்கி, கையில் வெடித் துப்பாக்கி. நீங்கள் அங்கே உட்கார்ந்து ரசிப்பதை நான் இங்கே விரட்டிக்கொண்டிருக்கிறேன். புல் வெட்டுபவர் லீவில் போனதால் புல் முழங்காலுக்கு வளர்ந்து, தகைவிலான்கள் பூச்சி பிடிக்க வந்துவிட்டன.

கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா? "விடுகிறேன்" என்று எழுதினால் நம்பமாட்டேன். எந்த வேளைக்கு எத்தனை சொட்டு என்று எழுதுங்கள். 'மருமகள்' என்ற வார்த்தையை மாற்ற வேண்டாம்.

நான்தான்


மார்ச் 19

அன்புள்ள மருமகளுக்கு,

காலையில் ஒரு சொட்டு. மற்ற வேளை மறதி. உண்மையைச் சொல்லிவிட்டேன், திட்டாதே.

முக்கியமான செய்தி. மதகுக்குப் பின்னால் உள்ள நாணல் காட்டில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சூறைக்குருவிகள் தங்கியிருக்கின்றன. மைனா அளவு, இளஞ்சிவப்பு உடம்பு, கறுத்த தலை. எட்டாயிரம் இருக்கும். கூட்டிச் சொல்லவில்லை, மூன்று முறை எண்ணினேன். தென்காற்று எழுந்தால் மொத்தமும் ஒரே நாளில் கிளம்பும். போன வருஷம் ஆற்றை ஒட்டியே வடக்கே போயின. உன் ஓடுபாதையும் ஆற்றோரம்தான். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை கவனம்.

இன்னொரு செய்தி. உன் முன்னாள் வீட்டுக்காரன் வந்திருந்தான். ஏப்ரல் பதினொன்றில் அவனுக்குக் கல்யாணம். பெண் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. போகும்போது வாசலில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்று கத்தினான்:

"அப்பா, அவளுக்கு லெட்டர் எழுதுறத நிறுத்திடுங்க. வரப்போறவ என்ன நினைப்பா?"

"பறவை விஷயம்தானேடா?"

"பறவையப் பத்தி எழுத உலகத்துல வேற ஆளே இல்லையா?"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அவன் கேட்டதற்கு, இல்லை என்பதுதான் பதில்.

மாமா


மார்ச் 26

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் 21ஆம் தேதி கிடைத்தது. மறுநாளிலிருந்து ஆற்றுப்பக்க வேலியில் ஆள் நிறுத்தினேன். 24ஆம் தேதி காலை ஏழு நாற்பதுக்குத் தெற்கே புகை மாதிரி எழுந்தது. ஒரு விமானம் நூற்றைம்பது பேருடன் ஓடுபாதை முனையில் புறப்படத் தயாராக நின்றிருந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னேன். பதினொரு நிமிஷம் விமானத்தை நிறுத்தி வைத்தார்கள். கூட்டம் ஓடுபாதையைக் குறுக்கே கடந்தது. நான் வெடி வைக்கவில்லை. வைத்தால் சிதறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜீப்பை அணைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டாயிரம் சரிதான்.

மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். "நம்ம ரேடார்லயே இல்ல, உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னது?"

"எங்க மாமனார்" என்று வாயில் வந்துவிட்டது. அவருக்கு என் கதை தெரியும். அப்படியே எழுதிக்கொண்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

உங்கள் பையன் சொன்னதில் தப்பில்லை, மாமா. நான் அந்தப் பெண் இடத்தில் இருந்தால் எனக்கும் பிடிக்காது. இனி எழுத வேண்டாம். நானும் எழுதவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். அதை மனதாரத்தான் எழுதுகிறேன். நாலு முறை அடித்துத் திருத்தியபின் எழுதுகிறேன்.

மருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை.

நான்தான்


ஏப்ரல் 16

அனுப்புநர்: நீர்மட்ட அளவாளர் (ஓய்வு), நீர்த்தேக்கம்.
பெறுநர்: அலுவலர், பறவைத் தடுப்புப் பிரிவு, விமான நிலையம்.
பொருள்: பறவைகள் புறப்பாடு, தகவல் அளித்தல் தொடர்பாக.

அம்மையீர்,

தனி நபருக்குக் கடிதம் எழுதுவதில்லை என்று மகனிடம் வாக்குக் கொடுத்திருப்பதால் இத்தகவல் அலுவலகத்துக்கு அனுப்பப்படுகிறது. அலுவலகத்துக்கு எழுதக் கூடாது என்று யாரும் கூறவில்லை.

மேற்படி நீர்த்தேக்கத்தில் கிளுவை வாத்துகள் நாற்பது மீதமுள்ளன. வாலாட்டிகள் முற்றிலும் போய்விட்டன. உள்ளான்கள் சேற்றுத் திட்டில் அறுபது. மார்பில் வெயில் கால நிறம் ஏறிவிட்டதால் ஒரு வாரத்தில் கிளம்பக்கூடும்.

11ஆம் தேதி ஒரு திருமணம் நடந்தது. அது பறவைத் தகவல் அல்ல என்பதால் விவரம் தரப்படவில்லை. தம்பதியர் ஒரு வாரம் இங்கே தங்க வந்துள்ளனர்.

அளவாளரின் கண் குறித்து அலுவலகம் கேட்டதில்லை. கேட்டால், இரண்டு வேளை.

தங்கள் உண்மையுள்ள,
அளவாளர்

பின்குறிப்பு: இதை எழுதி முகவரி இட்டபோது புது மருமகள் வந்தார். பேசினால் கேட்காது என்பதால் தாளில் எழுதிக் கேட்கிறார். "யாருக்கு மாமா?" ஆபீசுக்கு என்றேன். உறையை எடுத்து முகவரியை நிதானமாகப் படித்தார். பிறகு எழுதினார்: "தபாலாபீஸ் பக்கம்தான் போறேன், குடுங்க. உள்ளான்னா என்னன்னு நாளைக்குக் காட்டுவீங்களா?" இதைச் சேர்த்து எழுத உறையைத் திரும்ப வாங்கிப் பிரித்தேன். காத்திருக்கிறார்.


ஏப்ரல் 21

அனுப்புநர்: அலுவலர், பறவைத் தடுப்புப் பிரிவு.
பெறுநர்: நீர்மட்ட அளவாளர் (ஓய்வு).
பொருள்: தகவல் பெறப்பட்டமை தொடர்பாக.

ஐயா,

தங்கள் கடிதம் பெறப்பட்டு, பிரிவின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. உள்ளான்கள் இன்று காலை ஓடுபாதையின் கிழக்கு ஓரத்தில் ஐம்பத்தெட்டு எண்ணப்பட்டன. தங்கள் கணக்கில் இரண்டு குறைகிறது. இம்முறை அலுவலகத்துக்குப் புகார் இல்லை.

இரண்டு வேளை போதாது.

கடைசிக் கூட்டம் போகும்வரை வாரம் ஒரு கடிதம் தேவைப்படுகிறது. அடுத்த வருஷமும் அவ்வாறே. மார்ச் 24 நிகழ்வை முன்னிட்டு, தகவல் அளித்தவர் ஓடுபாதையை நேரில் பார்வையிட மேலாளர் அனுமதி வழங்கியுள்ளார். சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மே முதல் வாரம், காலை ஏழு மணி.

சீட்டு ஒருவருக்கு என்றுதான் முதலில் வந்தது. கேட்டு, இருவர் என்று மாற்றி வாங்கினேன். உடன் வருபவர் யார் என்பது தங்கள் விருப்பம். கடிதத்தைத் தபாலில் சேர்த்தவர் வருவதானால் இவ்வலுவலகத்துக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் உண்மையுள்ள,
அலுவலர்