சேர்ந்து வாழும் என்னைப் பிரிந்தவள் என்று எழுதிய நிறுவனத்துக்குத் தரச்சான்றா?

அனுப்புநர்
ஜா. ரூமானா,
க/பெ. ஜாகிர்,
முல்லா வீதி, புதுச்சேரி – 605 001.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் தரச்சான்றுக் குழு,
புதுச்சேரி.

பொருள்: நான் கணவரைப் பிரிந்தவள் என்று பொன்னிழல் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் தவறாக முடிவு செய்து, என் இதய அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி மறுத்தது – அந்நிறுவனத்தின் தரச்சான்றைப் புதுப்பிக்கும் முன் விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து வந்தவள். இதய வால்வு சுருங்கிவிட்டதால் இப்போது போர்டில் நாலு வரி எழுதினாலே மூச்சு வாங்குகிறது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த மனுவையும் விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. என் கணவர் தேங்காய்த்திட்டில் வலை, கயிறு விற்கும் கடை வைத்திருக்கிறார். குடும்பத்துக்குப் பாலிசி எடுக்கலாம் என்றபோது பல ஏஜெண்டுகள் வந்தார்கள். பொன்னிழல் அட்டையில் தங்கள் குழுவின் முத்திரை இருந்தது. யாரோ பெரியவர்கள் சரிபார்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தோம்.

3. எங்கள் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் பூர்வீகம் காரைக்கால். எங்கள் குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய் வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வருவார். என் கணவரும் கடையை அடைத்ததும் ரெட்டியார்பாளையம் போய்த் தன் தாயாரைப் பார்த்துவிட்டு, முல்லா வீதியில் என் தாய் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கி, காலையில் இங்கிருந்தே கடைக்குப் போகிறார். அடையாள அட்டையில் மட்டும் இன்னும் ரெட்டியார்பாளையம் விலாசம். மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அது எங்கள் தப்புதான்.

4. அறுவைச் சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்டதும், அவர்களுடைய விசாரணை ஆள் ரெட்டியார்பாளையம் வீட்டுக்குப் போனார். என் நாத்தனார் ஜீனத்துன்னிசா கதவைத் திறந்திருக்கிறார். ரூமானா இங்கே இருக்கிறாரா என்று கேட்டதற்கு, அவ எங்க இங்க இருக்கா, கல்யாணம் ஆனதுலேர்ந்து அவ உம்மா வீட்லதான இருக்கா என்று உள்ளதைச் சொல்லி, டீயும் போட்டுக் கொடுத்திருக்கிறார். டீயைக் குடித்துவிட்டுப் போனவர், நான் கணவரைப் பிரிந்து வாழ்வதாகவும், அதனால் பாலிசிப்படி அவர் குடும்பத்தில் ஒருத்தியாகக் கணக்காக மாட்டேன் என்றும் எழுதிவிட்டார். முல்லா வீதிக்கு ஒரு எட்டு வந்து பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? என் நாத்தனார் இப்போது என் முகத்தைப் பார்த்தாலே அழுகிறார்.

5. நிறுவனத்துக்குப் போன் செய்தால் உடனே எடுக்கிறார்கள். அடேயப்பா, என்ன மரியாதை! ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு ஆள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். நாங்கள் சேர்ந்துதான் வாழ்கிறோம் என்று ஜமாத்தில் கடிதம் வாங்கிக் கொடுத்தோம். அதற்கும் விலாசம் வேறு வேறாக இருக்கிறதே என்றார்கள். போதாக்குறைக்கு, கணவர் வீட்டுக்குக் குடிபோய், புதுப் பாலிசி எடுக்கும்படி யோசனை வேறு. இருக்கிற நோயைப் புதுப் பாலிசி உடனே ஏற்காதாம். இதைக் கேட்டு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை ஐயா.

6. தரச்சான்றுக்கு எதையெல்லாம் பார்ப்பீர்கள் என்று தங்கள் அலுவலகத்திலேயே விசாரித்தேன். போனை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் முடிவு சொல்கிறார்கள் என்று பார்ப்பீர்களாம். மறுத்தாலும் சீக்கிரம் மறுத்தால் அதற்கும் மதிப்பெண் உண்டாம். என்னை அவர்கள் மிக மிகச் சீக்கிரம் மறுத்தார்கள். அப்படியானால் என்னாலும் அவர்களுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும். இது என்ன நியாயம்? மறுக்கப்பட்டவர்களில் ஒருவரையாவது தங்கள் குழு நேரில் கண்டு பேசியதுண்டா? அதைச் செய்யாமல் தரும் முத்திரையை நம்பித்தான் எங்களைப் போன்றவர்கள் பாலிசி எடுக்கிறோம்.

7. ஆகவே, பொன்னிழல் நிறுவனத்தின் சான்றைப் புதுப்பிக்கும் முன், அவர்கள் மறுத்தவற்றை எடுத்து, ஏன் மறுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அது நடக்கும்போது நடக்கட்டும். அதற்கு முன்பாக, என் விஷயத்தை மறுபடி விசாரிக்க அவர்களுக்கு இன்றே எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் என் இடத்தை வேறு நோயாளிக்குக் கொடுக்கட்டுமா என்று கேட்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. என் மகள் ஹிபா ராத்திரியில் என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்காமல் படுத்திருக்கிறாள்.

8. மாடிப்படி ஏற முடியாததால் நான் நேரில் வரவில்லை. தங்கள் முன் இந்த மனுவோடு நிற்பவர்தான் என் கணவர் ஜாகிர். அதிகம் பேசத் தெரியாதவர். இன்று ராத்திரி எந்த வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார் என்று மட்டும் அவரைக் கேளுங்கள். நம்பிக்கை வராவிட்டால் அவர் கூடவே வாருங்கள். தங்களுக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்கிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,

இடம்: புதுச்சேரி
நாள்: 12.08.2025

இப்படிக்கு,
ஜா. ரூமானா
(ஜாகிரின் மனைவி)