நிக்கல் பற்றரியே போதும்

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்புள்ள தம்பி நிரோஜனுக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்று தொடங்க இந்த முறை கை வரவில்லை. போனில் கதைத்தால் உன் அத்தான் பக்கத்தில் நின்று கேட்பார். அதனால்தான் சுவிசுக்குத் திரும்பும் தனுஷாவிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

றிமோட் கார் ரேசுக்குப் பெரிய லித்தியம் பற்றரி அனுப்பச் சொல்லி இவர் உன்னிடம் கேட்டிருப்பார். நீ முதலில் அனுப்பியதற்கு என்ன நடந்தது என்று சொல்லியிருக்க மாட்டார்.

அது வீங்கிவிட்டது. வீங்கினால் பாவிக்காதே என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். இவர் கேட்டால்தானே. எதையும் எறிகிற பழக்கம் இங்கே எங்களுக்கு இல்லை. இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அமத்தி, சைக்கிள் ரியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டி, காருக்குள் திணித்துக்கொண்டு இரணைமடுப் பக்கம் ரேசுக்குப் போனார். நானும் போனேன்.

கார் மண்மேட்டில் பாய்ந்து விழுந்ததும் பற்றரி வெடித்தது. பெரிய சத்தம். அடுத்த கணம் பெரிய ஆட்கள் அத்தனை பேரும் நிலத்தில் குப்புறக் கிடந்தோம். உன் அத்தான் என்னை இழுத்து விழுத்தி என்மேல் கவிழ்ந்து கிடந்தார்.

ரேசுக்கு வந்திருந்த, கொழும்பில் வளர்ந்த பெடியன் ஜனார்த்தனன் மட்டும் நின்றான். போனில் எங்களைப் படம் எடுத்தபடி, "ஒரு பற்றரிக்கே இப்பிடிப் படுக்கிறியளோ" என்று கேட்டுச் சிரித்தான்.

இவர் எழும்பி, ஓடுபாதைக்கு நட்டிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கினார். முதல் அடியில் போன் பறந்தது, அவன் கை முறிந்தது. விழுந்தவனுக்கு வாயில் அடித்தார். பல்லும் இரத்தமுமாக வந்தது. பிறகும் அடித்தார். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் பிடிக்க வரவில்லை தம்பி, சேர்ந்து உதைத்தார்கள். கோவிலில் தேவாரம் பாடுகிற வீரகத்தி அண்ணையும் உதைத்தார். நான் கம்பியில் தொங்கித்தான் நிறுத்தினேன். என் தோள் இன்னும் கறுத்துக் கிடக்கிறது.

பெடியன் ஆஸ்பத்திரியில், தாடை கட்டியபடி கிடக்கிறான். இவர் பிணையில் வந்திருக்கிறார். வந்த அன்றே பற்றரிக் கதைதான். அதே இடத்தில், அதே ஆட்களுக்கு முன்னால் வென்று காட்ட வேண்டுமாம். "படுத்தவன் எண்டு ஒருத்தனும் என்னைச் சொல்லக்கூடாது. சொன்னால் வெட்டுவன்" என்கிறார். கத்தி தீட்டியும் வைத்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ நிக்கல் பற்றரி அனுப்பு. பாரம், வேகமில்லை என்று ஏசுவார். ஏசட்டும். அது இப்படி வெடிக்காதாம். தோற்றுப்போய் வந்தால் நான் சோறு போட்டுக் கொடுப்பேன்.

இன்னொன்று. கடைசிச் சண்டையில் மாத்தளனில் செல் குண்டு விழுந்தபோதும் இவர் இப்படித்தான் கவிழ்ந்து கிடந்தார். அவருக்குக் கீழே கிடந்தது நீ. அவர் முதுகில் உள்ள தழும்பு உனக்குத் தெரியும். படுத்தது வெட்கமில்லை என்று நான் சொன்னால் அவருக்கு ஏறாது. பற்றரியோடு அதையும் நீ ஒருக்கால் எழுதி அனுப்பு.

அம்மாளாச்சி உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
ஜெயரூபி