இடப்பக்கம் மட்டும் பஞ்சு வைத்த சட்டை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று வாயால் கேட்கும் தைரியம்தான் போய்விட்டது. மூன்று நாளாக உனக்குப் போன் போட்டு, நீ எடுத்ததும் அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன், எழுதி முடித்ததும் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன், உடனே படி.

போன வாரம் நீ கூப்பிட்டு, மார்பகப் பரிசோதனைப் படத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையாம், மறுபடி வரச் சொல்கிறார்கள் என்றாய். நான் என்ன சொன்னேன்? உனக்கு வயசுக்கு வந்ததிலேர்ந்தே அப்படித்தான், அதுக்கெல்லாம் போய் நிக்காதே என்றேன். பக்கத்தில் அப்பா இருந்தார், பேச்சை முடித்தால் போதும் என்றிருந்தது. அம்மாவே சொல்லிவிட்டாள் என்று நீயும் போகவேண்டிய தேதியை ரத்து செய்துவிட்டதாக மறுநாள் போனில் சொன்னாய். என் வாயில் மண்ணைப் போட. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று தையல் கடையைப் பூட்டிவிட்டு இங்குள்ள ஆஸ்பத்திரிக்கே போய், படம் எடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். வெளியில பெரிசு சின்னதா இருக்கிறது வேறம்மா, படத்துல உள்ளே தெரியிறது வேற, எந்த வயசுக்காரங்களுக்கும் எந்த இனத்துக்காரங்களுக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரும், பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, ஆனா பழைய படத்துல இல்லாதது புதுசா தெரிஞ்சா பார்த்தே ஆகணும் என்றாள்.

அவள் சொன்னதில் பாதி எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும், குட்டிம்மா. என் இன்ச் டேப்புக்குத் தெரியாததா? பள்ளிக்கூடப் பெண், பேரன் பேத்தி எடுத்தவள், கருத்தவள், சிவந்தவள், எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து குடியேறியவள் என்று எத்தனை பேருக்கு அளவெடுத்திருப்பேன், முக்கால்வாசிப் பேருக்கு ஒரு பக்கம் கூடக்குறையத்தான் இருக்கும். ஒருத்தி அளவை இன்னொருத்தியிடம் பேசக்கூடாது என்பது எங்கள் தொழில் மரியாதை, அதனால் ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டே போவாள். சரி, அவர்கள் வாடிக்கையாளர்கள். பதினாலு வயசில் நீ அழுதுகொண்டு வந்து நின்றபோது உன்னிடமாவது சொல்லியிருக்கலாமே. பள்ளிச் சட்டைக்கு இடப்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்து, யார்கிட்டயும் மூச்சு விடாதே என்று உன்னை மிரட்டினேன். கல்யாணத்துக்குத் தைத்த சட்டைவரை அப்படியேதான். உன் உடம்பை நீயே பார்க்கக் கூசும்படி செய்த பாவி நான். மன்னித்துவிடு என்று கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

நான் சொன்னதை விட்டுத்தள்ளு, உடனே மறுபடி தேதி வாங்கு. மாப்பிள்ளையிடம் மறைக்காதே, அவரையும் கூட்டிக்கொண்டு போ. பழைய படம் இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள். நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும்.

கிளம்பும்போது அந்தப் பெண் என்னையும் கேட்டாள், நீங்க கடைசியா எப்பம்மா எடுத்தீங்க என்று. அறுபத்திரண்டு வயசாகிறது, ஒரு தடவைகூட இல்லை. வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறாள். ஊருக்கே அளவெடுத்தவள், இன்னொருத்தி முன்னால் என் சட்டையைக் கழற்ற நடுங்குகிறேன். நீ முதலில் போய்விட்டு எனக்குப் போன் போடு, அந்தத் தைரியத்தில் நானும் போய்விடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா