மஞ்சள் கோட்டுக்காரன் ஏன் சுவரைப் பார்த்தான்

அண்ணி,

நேற்று பரணை ஒழித்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா கையில் சிக்கியது. திறந்தால் அந்த மஞ்சள் வீடியோ கேம் கேசட். பழக்கதோஷம், உடனே வாயருகே கொண்டுபோய் அதன் அடியில் ஊதினேன். சூடேறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த அந்த வாசனை இன்னும் அதில் இருக்கிறது. அடுகோடி வீட்டின் பரணிலிருந்து அது என்னை நேராக என் பழைய நீலசந்திராக் கடையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "என்னா, அங்கியே நின்னுட்டீங்க?" என்றாள். அண்ணியோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "நானும் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

ஊதாதே, எச்சில்தான் உள்ளே போகும் என்று நீங்கள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். நான் கேட்டதில்லை. என் மூச்சில் ஒரு விசேஷம் உண்டு, வேறு யார் ஊதினாலும் ஓடாத கேசட் நான் ஊதினால் ஓடும் என்பேன். நீங்கள் முந்தானையால் துடைத்துப் போடுவீர்கள். அதுவும் ஓடும்.

இந்த மடலை என் மகளும் படிப்பாள் என்பதால் கொஞ்சம் ஆதியிலிருந்து சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், நீலசந்திராவில், மாவு மில்லுக்குப் பக்கத்து அரை அறையில் நான் வைத்ததுதான் பெங்களூரிலேயே முதல் வீடியோ கேம் கடை. ஆஸ்டின் டவுனில் அதற்கு முன்பே ஒன்று இருந்தது என்பார்கள். பொறாமை. இரண்டு டிவி, நான்கு ஸ்டூல், ஒரு பெஞ்சு. ஓட்டல்காரர்கள், ஆட்டோக்காரர்கள், டெய்லர்கள், ஷிப்டு முடிந்த கம்பெனிக்காரர்கள் என்று தினமும் இருநூறு பேர் வருவார்கள். நீங்கள் என் கணக்கைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கி, "இப்போ சரி, மேல சொல்லு" என்பீர்கள். அப்படிப் பார்த்தால் ஐம்பது.

கூட்டம் வந்தது விளையாட மட்டுமல்ல, என் வாயைக் கேட்கவும்தான். அந்த மஞ்சள் கேசட்டைப் போட்டால் முதலில் கறுப்புத் திரையில் நான்கு வரி ஜப்பான் எழுத்து வரும். யாருக்கும் படிக்கத் தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவன். எட்டாவது பாஸ் என்றே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன், உங்களைத் தவிர. ஆம்பூரில் தோல் வாங்க வந்த ஜப்பான்காரர் ஒருவரோடு ஆறு மாதம் சுற்றியவன், அந்த பாஷை எனக்கு அத்துப்படி என்று அளந்துவிட்டிருந்தேன். அவரோடு ஒருமுறை ஒரே கடையில் டீ குடித்தது உண்மை. திரையில் எழுத்து வந்ததும் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுப் படிப்பேன்: "இந்த ஆட்டத்து வில்லன் பேரு மஞ்சள் கோட்டுக்காரன். அமாவாசையில் பிறந்தவன். பிறக்கும்போதே பல்லோடு பிறந்தான். உலகத்தையே விழுங்காமல் விடமாட்டேன் என்று சபதம் செய்தவன்." பெஞ்சில் இருப்பவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள்.

அந்தப் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர். முதல் ஷிப்டு முடிந்து நேராக என் கடைக்கு வருவார். ரிமோட்டைக் கையில் பிடித்தால் ரயில் எஞ்சின் ஓட்டுகிற முகம் வந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நீங்கள் கடை வாசலில் வந்து நின்றீர்கள். அண்ணனைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தீர்கள்.

"உன் கடையால எனக்கு ரொம்ப பேஜாருப்பா" என்றீர்கள். அவ்வளவுதான். போய்விட்டீர்கள்.

நான் ஆம்பூர்ப் பக்கத்து ஆள். எங்கள் ஊரில் பேஜார் என்றால் தொல்லை, ரகளை. பேஜார் என்று ஒரு பெண்பிள்ளை வாசலில் வந்து சொன்னால் அடுத்தபடி போலீஸ் ஸ்டேஷன். வைத்திருந்ததெல்லாம் அந்த இரண்டு டிவிதான். அவற்றைத் தூக்கிப்போய்விட்டால் ஊருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். மறுநாள் ஷட்டரை இறக்கி, "கடைக்காரர் ஊரில் இல்லை" என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டு, உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். மூன்று நாள். அந்த அட்டையை உள்பக்கம் பார்த்து மாட்டிவிட்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் ஷட்டரைத் தட்டினீர்கள். "உள்ள இருக்கேன்னு தெரியுது, தும்முறியே" என்றீர்கள். திறந்தேன்.

"ஏன் மூடிட்டே?"

"பேஜார்னு சொன்னீங்களே அண்ணி. கம்ப்ளைன்ட் கொடுப்பீங்கன்னுதான்..."

பிறகு சிரித்தீர்களே, மாவு மில்லில் அரைக்க வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிற சிரிப்பு. மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம் உங்களுடையது. வீட்டில் பாதித் தமிழ், பாதிக் கன்னடம்.

"அய்யோ மாராயா. பேஜாருன்னா எங்க ஊர்ல ரகளை இல்லப்பா. மனசு நொந்துபோறது. அவரு வேலைலேர்ந்து வந்தா ரெண்டு பேரும் ஒக்காந்து காபி குடிப்போம். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்படித்தான். ரெண்டு மாசமா நான் ஒருத்தியா ஒக்காந்து செவுத்தப் பார்த்துக்கிட்டு குடிக்கிறேன். அதத்தான் சொன்னேன்."

ரகளைக்கு எனக்குப் பதில் தெரியும். நொந்த மனசுக்குத் தெரியாது. அண்ணனைக் கடைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம், வேற எங்கியாவது போய் ஒக்காருவாரு" என்றீர்கள். மறுநாள் ஆறு மணிக்குத் தூக்குச்சட்டியில் காபியும் மூன்று டம்ளருமாக நீங்களே கடைக்கு வந்துவிட்டீர்கள். அண்ணன் முகத்தில் நானூறு வாட் பல்பு. கணக்கைக் குறைக்காதீர்கள் அண்ணி, இது நிஜம்.

அன்றைக்குத்தான் நீங்கள் மஞ்சள் கோட்டுக்காரனை முதலில் பார்த்தது. கடைசிக் கோட்டையின் கதவு திறக்கும். உள்ளே அவன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நிற்பான். நாலைந்து நொடி. அப்புறம்தான் திரும்பி நெருப்பை வீசுவான். அந்த நாலைந்து நொடியில் ஓடிப்போய் முதுகில் வெட்டுவதுதான் அண்ணனின் வித்தை. அன்றும் பட்டனை அழுத்தப் போனார். நீங்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டீர்கள்.

"இருங்க. அவன் ஏன் செவுத்தப் பார்க்கிறான்?"

பெஞ்சில் ஒருவரும் அதுவரை அதைக் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை, கதை சொல்கிறவன் நான்.

"அவன் கெட்டவன் அண்ணி. பிறவியிலேயே" என்றேன்.

"போப்பா. பொறந்த கொழந்தைக்குப் பால் குடிக்கவும் தூங்கவுமே நேரம் போதாது. கெட்டவனா இருக்க எங்க நேரம்? சரியாப் படிச்சுச் சொல்லு."

இதற்குள் அண்ணன் நெருப்பில் வெந்துபோனார். "பார்த்தியா, ஒன்னாலதான்" என்றார். சொன்னாரே தவிர டம்ளரை உங்களிடம் நீட்டிக்கொண்டேதான் சொன்னார்.

அப்புறம் எத்தனை ஆண்டுகள் அண்ணி, ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் புதுக்கதை படிப்பதும் நீங்கள் அதைக் கிழித்துப் போடுவதும். ராஜகுமாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அதனால் கெட்டவனாகிவிட்டான் என்றேன். "என் தங்கச்சி நாலு பேர வேணாம்னா. ஒருத்தன் ஒக்கலிபுரத்துல பேக்கரி வெச்சிருக்கான், பன்னு நல்லாதான் இருக்கு. ஒருத்தனும் கோட்டை கட்டல" என்றீர்கள். பசியால் கெட்டுப்போனான் என்றேன். "அந்தக் கோட்டைய கட்டினவனுக்குப் பசியா?" கதாநாயகனும் அவனும் ஒரு காலத்தில் சிநேகிதர்கள், சேர்ந்து கட்டிய கோட்டையில் கதாநாயகன் பெயரை மட்டும் எழுதிவிட்டார்கள் என்று நான் சொன்ன அன்றைக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தீர்கள். "கிட்ட வந்துட்ட. ஆனா கோவக்காரன் எதிர்ல வர்றவனத்தான் பார்ப்பான். பேஜாரானவன்தான் செவுத்தப் பார்ப்பான். அவன யாரு பேஜார் பண்ணினதுன்னு அடுத்த வாரம் படி" என்றீர்கள். முதுகில் வெட்டக் கூடாது என்று கடைக்கே ஒரு சட்டம் போட்டுவிட்டீர்கள். அதன்பிறகு நீலசந்திராவில் ஒருவனும் அந்த ஆட்டத்தை ஜெயிக்கவில்லை. கூட்டம் மட்டும் குறையவில்லை.

இரண்டாயிரம் பிறந்த சமயம். உங்கள் மாடி போர்ஷனுக்குத் திருச்சியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனித் தம்பி குடிவந்தார். தங்கமான பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கடைக்கு அழைத்து வந்தீர்கள். அன்றைக்குக் கூட்டம் நூறு பேர். நான் குச்சியோடு எழுந்து, மஞ்சள் கோட்டுக்காரனுடைய பழைய துக்கத்தையெல்லாம் மூச்சுவிடாமல் படித்து முடித்தேன். தம்பி பவ்வியமாகக் கையைத் தூக்கினார்.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. கம்பெனியில என்னை ஒரு வருஷம் ஜப்பான்ல வெச்சிருந்தாங்க. அதுல வேற என்னமோ போட்டிருக்கு."

"என்ன போட்டிருக்கு?" என்று டெய்லர் கேட்டார்.

"டிவிக்கு ரொம்பப் பக்கத்துல ஒக்காராதீங்க. ஒரு மணி நேரம் ஆடினா எழுந்து பதினஞ்சு நிமிஷம் ஓய்வெடுங்க. அவ்ளோதான்."

அப்புறம் சிரித்தார்கள் பாருங்கள். பெஞ்சு ஆடியது. ஸ்டூலிலிருந்து ஒருவர் விழுந்தே விட்டார். "ஆம்பூர் ஜப்பான்காரா" என்று யாரோ கத்தினார்கள். அத்தனை வருடப் பெருமை அந்த நாலு வரியில் போயிற்று. நான் ஏதோ ஒயரைச் சரிசெய்வதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சொன்னால் வெட்கம் அண்ணி, அந்த நாலைந்து நொடியில் எனக்குள் என்னவெல்லாம் ஓடியது தெரியுமா? அந்தத் தம்பியின் சைக்கிள் டயரைக் குத்துவேன். இவர்கள் ஒருவருக்கும் இனி கடையில் இடமில்லை. ஊரையே கொளுத்துவேன். உண்மையாகவே கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் எழும்பிவிட்டது.

அப்போது பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. முதலில் தம்பியிடம்:

"ஏம்ப்பா, ஒரு மணி நேரத்துல எழுந்து போன்னா போட்டிருக்கு? இத இவன் அன்னிக்கே ஒழுங்காப் படிச்சிருந்தா என் வீட்டுக்காரரு நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருப்பாரு. நானும் இந்தக் கடைப் பக்கமே வந்திருக்க மாட்டேன். நல்லவேள, தப்பாப் படிச்சான்."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அண்ணன்தான் முதலில் சிரித்தார். பிறகு என்னிடம், குரலைத் தணித்து:

"திரும்புப்பா. காபி ஆறுது. பேஜார் மாடிகோபேடா."

மனசு நோகாதே என்று கன்னடத்தில். நான் திரும்பினேன். கையில் நெருப்பு ஒன்றும் இல்லை, ஒயர்தான் இருந்தது. டம்ளரை வாங்கிக்கொண்டேன். அந்தத் தம்பி நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

அந்த வாரம்தான் மஞ்சள் கோட்டுக்காரனின் சரியான கதையைச் சொன்னேன். குச்சி இல்லாமல், திரையைப் பார்க்காமல். "அவனைப் பார்த்து எல்லாரும் ஒருநாள் சிரிச்சாங்க. அவன் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். திரும்புப்பான்னு யாருமே சொல்லல. நின்னான், நின்னான், கோட்டையே எழும்பிடுச்சு. கடைசியில அவனத் தேடி வந்த முத ஆளு கத்தியோட வந்தான்." நீங்கள் காபியை ஆற்றிக்கொண்டே, "இதுதாம்ப்பா எழுத்துல இருக்கறது" என்றீர்கள். மாடித் தம்பியும் தலையாட்டினார். "ஆமாண்ணே, அன்னிக்கு நான் ஒரு வரி விட்டுட்டேன்" என்றார்.

கடை போய்விட்டது. அங்கே இப்போது மொபைல் ரீசார்ஜ். நானும் மனைவியும் மகளோடு அடுகோடிக்கு வந்துவிட்டோம். நீங்களும் போன வருடம் போய்விட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய மூன்றாம் நாள் அண்ணன் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் எல்லோரும் பெரிய பெரிய வார்த்தைகளாகச் சொல்லிப் பார்த்தார்கள். முதுகுதான் தெரிந்தது. எனக்கு, இந்த வாய்க்கு, ஒரு சொல் வரவில்லை. உங்கள் சமையலறைக்குள் போய் நானே காபி போட்டேன். கர்நாடகாவிலேயே சிறந்த காபி. சரி, டிகாஷன் தண்ணியாகத்தான் போயிற்று. பின்னால் போய் நின்றேன்.

"திரும்புங்கண்ணா. காபி ஆறுது. பேஜார் மாடிகோபேடி."

கொஞ்ச நேரம் ஆயிற்று. நாலைந்து நொடி அல்ல, நிறையவே ஆயிற்று. திரும்பினார். கண் சிவந்திருந்தது. டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்கு ஜப்பான்ல என்னாடா?"

யோசிக்காமல் ஒன்றை எடுத்துவிட்டேன். நீளமான வாக்கியம், நடுவில் இரண்டு இருமல். குடித்த காபி அண்ணனுக்கு மூக்கில் ஏறிவிட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் எங்கள் இருவரையும் முறைத்தார்கள். நீங்கள் இருந்திருந்தால் மாவு மில் வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போதெல்லாம் யார் எங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், மகளானாலும் பஸ் ஸ்டாப்பில் முகம் தெரியாதவரானாலும், எனக்கு முதலில் தெரிவது முதுகுதான். அதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடிவதில்லை. பாதிப்பேர் உன் வேலையைப் பார் என்கிறார்கள். மீதிப்பேர் திரும்புகிறார்கள்.

மணி ஆறாகப் போகிறது. அண்ணன் நீலசந்திராவிலிருந்து பஸ் ஏறி வருகிற நேரம். தினமும் வருகிறார், என் காபியைத் திட்டிக்கொண்டே குடிக்கிறார். இன்றைக்குக் கேசட்டைக் காட்டப் போகிறேன். போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை, ஆனாலும் நான் ஒருமுறை ஊதுவேன், அவர் சட்டை நுனியால் துடைப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நூறு பேர் என்று மேலே எழுதியிருக்கிறேன். பதினொன்று, அண்ணி. நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.