சீட்டில் ஏற்றி எழுதிய அரை இஞ்ச்

உன் கறுப்புக் கண்ணாடி இன்று காலை கிடைத்தது. ஸ்க்ரூவும் ஆணியும் போட்டு வைப்பாயே, அந்த டிராயரின் அடியில், உப்புத்தாள் கட்டுக்குக் கீழே இருந்தது. கண் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கொடுப்பார்களே, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி, அதுதான். எனக்குத் தெரியாமல் ஒளித்து வைக்க உனக்குக் கிடைத்த இடத்தைப் பார். தினமும் பத்து தடவை நான் திறக்கிற டிராயர் அது. மாட்டிப் பார்த்தேன். பட்டறையே இருட்டிப் போனது. கழற்றித் துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு, வேலை ஓடாமல் உனக்கு இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் நம் பட்டறையைத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே வழக்கம்தான். ஆர்டர் கொடுப்பவர் வீட்டுக்குப் போய் அளவெடுப்பது நான், வெட்டுவது நீ. நடுவில் இருப்பது ஒரு சீட்டு. வாயால் சொன்னால் உனக்குக் காதில் ஏறாது. "எழுதிக் குடு மச்சான். நீ எழுதறத நான் வெட்டறேன், அவ்ளோதான்" என்பாய். இருபத்து மூன்று வருஷம் அந்தச் சீட்டின்மேல்தான் ஓட்டினோம்.

பிறகு உன் வெட்டு குறைய ஆரம்பித்தது. கோவளத்தில் ஒரு வீட்டு டிராயர் லொடலொடவென்று ஆடியது. இன்னொரு வீட்டில் அலமாரிக் கதவு சாத்தினால் நடுவே விரல் நுழைந்தது. ஒவ்வொரு தடவையும் அரை இஞ்ச் குறைவு. நீ டேப்பை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பதைப் பார்த்தேன். கேட்கத்தான் நினைத்தேன், வாய் வரவில்லை. கண் தெரியவில்லை என்று ஒரு தச்சனிடம் எப்படிச் சொல்வது? அதனால் சீட்டில் அரை இஞ்ச் ஏற்றி எழுத ஆரம்பித்தேன். முப்பத்தாறு என்றால் முப்பத்தாறரை. நீ அரை இஞ்ச் குறைத்து வெட்டுவாய், பொருள் கச்சிதமாகப் போய் உட்காரும். "பாத்தியா, கை இன்னும் நம்ம பேச்ச கேக்குது" என்று ஒருநாள் சொன்னாய். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நீ இருபது நாள் லீவு போட்டாய். செய்யூரில் தங்கச்சி வீட்டில் கடலை பிடுங்க ஆள் கிடைக்கவில்லையாம். நீ ஜென்மத்தில் கடலைச் செடியைத் தொட்டவனா? ஆனாலும் நம்பினேன். திரும்பி வந்தபோது உன் நகத்தில் ஒரு பொட்டு மண் இல்லை, அதையும் கவனிக்காமல் விட்டேன். வந்ததும் உன் கையில் கொடுத்தது திருவிடந்தை டீச்சர் வீட்டுச் சாமி அலமாரிக்கான சீட்டு. சுவருக்கும் தூணுக்கும் நடுவே நாற்பத்தொரு இஞ்ச். வழக்கம்போல நாற்பத்தொன்றரை என்று எழுதியிருந்தேன்.

அலமாரியைக் கொண்டுபோன அன்று, மறுநாள் அங்கே கிரகப்பிரவேசம். வாசலில் பந்தல்காரர்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குட்டியானை வண்டியிலிருந்து இறக்கி, நாலு பேர் பிடித்துத் தள்ளியும் அலமாரி உள்ளே போகவில்லை. டேப் வைத்தாய். என்னைப் பார்க்காமல் சீட்டை எடுத்துப் பார்த்தாய். சீட்டில் என்ன இருந்ததோ அதைத்தான் நீ நூல் பிசகாமல் வெட்டியிருந்தாய்.

டீச்சர் கத்தவில்லை. வகுப்பில் கேட்கிற மாதிரி கேட்டார். "அளவு எடுத்தது யாரு, வெட்டுனது யாரு? தப்பு யாரோடது, அத மட்டும் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "வெட்டுனது நான்தான் டீச்சர். ஏமாந்துட்டேன். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணித் தரேன்."

சீட்டு உன் சட்டைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் உன் பெயர் தப்பியிருக்கும். நீ காட்டவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் உன் கண்ணைப் பற்றி ஊரார் முன்னால் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் நிஜம். ஒரு பக்கப் பலகையைப் பிரித்து, குறுக்குப் பலகைகளில் அரை இஞ்ச் அறுத்து, திரும்பப் பூட்டி முடிக்கும்வரை நீ தண்ணீர்கூடக் கேட்கவில்லை. அலமாரி போய் உட்கார்ந்தது. டீச்சர் காபி கொடுத்தார்.

திரும்பி வரும்போது உன் வண்டியின் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சவுக்குத் தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினாய்.

"எத்தினி மாசமா?"

"ஆறு மாசம் இருக்கும்."

"கடலயும் புடுங்கல, ஒண்ணும் புடுங்கல. கண்ணு ஆபரேசன் பண்ணிக்கினு வூட்ல படுத்துகினு இருந்தேன்" என்றாய். "சொன்னா என்ன வெட்ட வுடமாட்டியோன்னு பயம். அது என் தப்பு. ஆனா சீட்டுல பொய் எழுதுனது நீ. நான் இன்னா குருடனா இருந்தாலும் அந்தச் சீட்ட நம்பித்தானடா கத்தி வெக்கிறேன்."

நாலு நாள் பேசவில்லை. பட்டறையில் எனக்கும் உனக்கும் நடுவே ரம்பம் மட்டும் சத்தம் போட்டது. ஐந்தாம் நாள் இரண்டு டீயோடு வந்து ஒன்றை என் பக்கம் நகர்த்தினாய். "இனிமே எதுவா இருந்தாலும் உள்ளத எழுது மச்சான். அத வெச்சி இன்னா பண்றதுன்னு நான் பாத்துக்கறேன்." அத்தோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டாய்.

இரண்டு வருஷம் கழித்து நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். வராந்தாவில் டாக்டர் என்னிடமும் உன் மகனிடமும் சொன்னார். இரண்டு மாதம் தாண்டுவது கஷ்டம் என்றார். உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, அப்பா கேட்டா சரியாப் பூடும்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் நம்புவாரு." சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

நீ சுற்றி வளைக்கவில்லை. "டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றாய்.

இரண்டு மாதம் என்றேன். உன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். நீ போர்வையை ஒதுக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாய். பிறகு, "வூட்டுக்குப் போலாம். இங்க வாணாம்" என்றாய்.

நாற்பத்தாறு நாள் வீட்டில் இருந்தாய். மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கினாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு வம்பளந்தாய். ஆனால் உன் மனைவி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. போன மாதம்தான் ஒரு வார்த்தை சொன்னாள். "அத்தினி நாளும் ராத்திரி தூங்காம கிடந்தாரு அண்ணா. நீங்க சொல்லாம இருந்திருந்தா கொஞ்ச நாளாவது நிம்மதியாத் தூங்கி இருப்பாரு." நீ தூங்காமல் கிடந்தது எனக்குத் தெரியாது. நீ என்னிடம் சொல்லவில்லை.

அவள் சொன்னதில் தப்பு இல்லை. அந்த நாற்பத்தாறு ராத்திரிக்கும் பொறுப்பு நான்தான், இதை நீ உன் தலையில் போட்டுக்கொள்ள முடியாது. ஆனால் அன்றைக்கு அந்தக் கட்டிலில் நீ கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று நான் சொல்லியிருந்தால், அந்தச் சீட்டை நம்பியதுபோல அதையும் நீ நம்பியிருப்பாய்.