இன்னும் நடக்காத பிள்ளைக்கு ஓர் ஊஞ்சல்

அக்கா,

உள்ளங்கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். துரு வாசம் போகவில்லை. காலையில் நம் தாமான் குடியிருப்பின் விளையாட்டுத் திடலில் ஊஞ்சல்களைக் கழற்ற ஆட்கள் வந்திருந்தார்கள். வெளியே நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. உள்ளே போய் அந்தச் சின்ன ஊஞ்சலின் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கண்மூடி ஆறு வருடம் ஆகிறது. இதைப் போய் வேறு யாரிடம் சொல்ல?

கோலா பிலா பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் கல்யாணமாகி வந்து பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மகள் கோமதிக்கு ஒரு வயதில் வந்த காய்ச்சல் இறங்கியபோது அவள் கால் இரண்டும் துவண்டுவிட்டன. முதுகும் நிற்கவில்லை. காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில், கோயிலில், தண்ணீர்க் குழாயடியில், பார்க்கிறவர்கள் எல்லாம் பிள்ளை நடக்கிறாளா என்று கேட்பார்கள். நீங்கள் ஒரே பதில்தான் வைத்திருந்தீர்கள்: “இன்னும் நடக்கல.” மூன்று வயதிலும் அதுதான், ஏழு வயதிலும் அதுதான். யாரும் உங்களைத் திருத்தவில்லை. பிள்ளையைப் பற்றி ‘முடியாது’ என்று வாய்விட்டுச் சொன்னால் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் நம்பினோம். நானும் நம்பினேன்.

ஆயாக்கொட்டாயில் உத்தரத்திலிருந்து வரிசையாகச் சாரோங் தொட்டில்கள் தொங்கும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். மற்ற பிள்ளைகள் தொட்டிலை விட்டு இறங்கி ஓடிய பிறகும் கோமதி அதிலேயே கிடந்தாள். ஆட்டினால் சிரிப்பாள். அப்படி ஒரு சிரிப்பு, லயம் வரைக்கும் கேட்கும். நிறுத்தினால் இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுவாள். பேச்சு சரியாக வராத பிள்ளைக்கு அதுதான் பேச்சு. ஆறு வயதில் துணி இரண்டு தடவை கிழிந்தது. இனி உத்தரம் தாங்காது என்று ஆயா மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அன்றைக்குக் கழற்றிய சாரோங்கை நீங்கள் துவைத்து மடித்து வைத்துக்கொண்டீர்கள்.

எஸ்டேட்டைத் துண்டு துண்டாக விற்ற பிறகு ஆளுக்கொரு பக்கம் போனோம். உங்கள் வீட்டுக்கார அண்ணன் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். நான் அம்பாங்கான் பக்கம் வந்து ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தேன். என் வரிசையிலேயே ஒரு வீடு காலியானதும் உங்களை வரச் சொன்னது நான்தான். அந்த வருடம்தான் வரிசைக் கடைசியில் விளையாட்டுத் திடல் திறந்தார்கள். சறுக்கு, ஏற்ற இறக்கப் பலகை, இரண்டு ஊஞ்சல். சாயங்காலமானால் தாமான் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான்.

கோமதிக்கு அப்போது பதினொரு வயது. கோயிலில் யாரோ கொடுத்த சக்கர நாற்காலியில் அவளைத் தள்ளிக்கொண்டு போனோம். மோட்டார் சைக்கிள் நுழையக் கூடாதென்று வாசலில் குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி நட்டிருந்தார்கள். மோட்டாரும் நுழையவில்லை, நாற்காலியும் நுழையவில்லை. நாற்காலியை வெளியே விட்டுவிட்டு நீங்கள் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். ஊஞ்சல் வெறும் பலகை. சாய முதுகில்லை, பிடிக்கப் பட்டையில்லை. இரண்டாவது ஆட்டத்திலேயே பின்பக்கமாக விழுந்தாள். ஓடி வந்த ஒரு பெண், நல்ல மனுஷிதான், “இந்தப் பிள்ளைய ஏன்லா இங்கெல்லாம் தூக்கிட்டு வரீங்க” என்றாள். நீங்கள் மண்ணைத் தட்டிவிட்டுக் கோமதியைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள்.

மனுப் போடலாம் என்று சொன்னது நான். படிப்பு மூன்றாம் பாரம்தான் என்றாலும் என் மலாயில் எனக்கு அவ்வளவு தலைக்கனம். பூங்காக்களைப் பார்க்கும் அலுவலகத்துக்கு இரண்டே கோரிக்கை: முதுகும் பட்டையும் வைத்த ஓர் ஊஞ்சல், வாசலில் நாற்காலி போகிற அளவு இடம். தட்டச்சில் தாள் ஏற்றினேன். ‘நடக்க முடியாத பிள்ளைக்கு’ என்ற இடம் வந்தது. ‘திடாக் போலே’, அதாவது முடியாது, என்று அடிக்கப் போனேன். வாய்விட்டுப் படித்துக்கொண்டே அடிப்பது என் பழக்கம். பாயில் கிடந்த கோமதியைப் பார்த்துவிட்டு நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

“திடாக்னு எழுதாத தங்கச்சி. பெலும்னு எழுது.”

பெலும் என்றால் ‘இன்னும் இல்லை’. இன்னும் நடக்காத பிள்ளை. நீங்கள் மலாய் கற்றது பசார்ச் சந்தையில்; அலுவலகத்தில் ஒரு சொல்லை எப்படிப் படிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இது வேண்டாம் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்தேன். பெலும் என்றே அடித்தேன்.

நாலு மாதம் கழித்துக் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்தது. அதை நான் உங்களுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினேன். ஊஞ்சல் மாட்டிய அன்று கோமதிக்குத் தீபாவளிச் சட்டை போட்டு, தலையில் பூ வைத்துக் கூட்டி வந்தீர்கள். வாசல் கம்பி அப்படியே இருந்தது. அதையும் தாண்டித் தூக்கிப் போனீர்கள்.

கைக்குழந்தை ஊஞ்சல், அக்கா. கால் நுழைக்க இரண்டு ஓட்டை வைத்த, வாளி அளவு இருக்கை. பக்கத்தில் நின்ற அதிகாரி பெருமையோடு கோப்பைத் திறந்து, இன்னும் நடக்காத பிள்ளைகளுக்காகவே வரவழைத்தோம் என்றார். கோமதியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கோப்பை மறுபடி படித்துப் பார்த்தார். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? எழுதியிருந்ததைத்தான் செய்திருந்தார்.

ஊஞ்சலைப் பார்த்ததும் கோமதி இரண்டு கையையும் தூக்கினாள். நீங்கள் அவள் காலை அந்த ஓட்டையில் நுழைக்கப் பார்த்தீர்கள். முழங்காலைத் தாண்டவில்லை. அவளை மண்ணில் உட்காரவைத்து, என் மேல் சாய்த்துவிட்டு, காலி ஊஞ்சலை நீங்கள் ஆட்டினீர்கள். அவள் தலை அதோடு போய்ப் போய் வந்தது. முதலில் சிரித்தாள். பிறகு கையைத் தூக்கினாள். ரொம்ப நேரம் இறக்கவேயில்லை.

மறுநாள் நீங்கள் என் வீட்டு வாசலில் நின்று, “முடியாதுன்னே எழுதும்மா” என்றீர்கள். பதினொரு வருடத்தில் உங்கள் வாயில் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். எழுதினேன். ஏற்கெனவே கோரியது கொடுக்கப்பட்டுவிட்டது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. மறுபடி எழுதினேன், பதிலே வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் சளி நெஞ்சில் கட்டி கோமதி போய்விட்டாள். மடித்து வைத்திருந்த சாரோங்கைத்தான் அவள்மேல் போர்த்தினீர்கள்.

அதன் பிறகு நீங்கள் இருந்தது பாதி உயிரோடுதான். ‘நான்தான் சொல்லை மாத்தச் சொன்னேன், என் வாயால கெட்டுச்சு’ என்று திரும்பத் திரும்பச் சொல்வீர்கள். இல்லை அக்கா, தெரிந்தே அடித்த கை என்னுடையது. கடைசி வரைக்கும் அதை உங்களிடம் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஒப்புக்கொண்டு யாருக்கு என்ன லாபம்?

இன்று திடலில் புதிதாகப் பலகை வைத்திருக்கிறார்கள்: எல்லாப் பிள்ளைகளுக்குமான விளையாட்டிடம் வரப்போகிறதாம். பெரிய எழுத்து, அழகான வர்ணம். வாசலில் அதே கம்பிகளுக்கும் புதுப் பச்சை பூசியிருந்தது, இன்னும் காயவில்லை.

அந்தச் சொல்லை விட்டுவிடவும் முடியவில்லை. கடைக்காரி சாப்பிட்டாச்சா என்று கேட்டால் பெலும். பஸ் வந்துவிட்டதா என்றால் பெலும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என் வாயிலிருந்தே கேட்கிறேன். காலையில் நான் சங்கிலியை விடாமல் நின்றதைப் பார்த்து, கழற்ற வந்த மலாய்க்காரர் ரம்பத்தை நிறுத்தினார். உங்கள் வீட்டுப் பிள்ளை இதில் ஆடியிருக்கிறதா என்று மலாயில் அன்பாகத்தான் கேட்டார்.

“பெலும்” என்றேன்.